பாண்டியா, வேளாங்கண்ணியா, தூத்துக்குடியா? கடலோரத்து பழைய சர்ச்சுங்களை பாக்க மூணு நாள் கிடைச்சா எங்க போறது

எங்க வீட்டுல ரெண்டு வாரமா ஓடிட்டு இருக்குற பஞ்சாயத்து இது. வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள் லீவு சேந்து வருது, சென்னையில இருந்து கிளம்பி கடலோரமா பழைய பெரிய சர்ச்சுங்களை பாத்துட்டு வரலாம்னு பேச்சு. நாங்க கிறிஸ்தவங்க இல்ல, எனக்கு பழைய கட்டடம்னா ஒரு பைத்தியம், அவ்ளோதான். பொண்டாட்டிக்கு பாண்டி, ஏன்னா அங்க காபி நல்லா இருக்கும், தெரு அழகா இருக்கும், போட்டோ நல்லா வரும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வேளாங்கண்ணி. நெத்தி நிறைய விபூதி வெச்சுக்கிட்டு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறவங்க அவங்க, அதுல அவங்களுக்கு ஒரு முரண்பாடும் தெரியாது. எனக்கு தூத்துக்குடியில ஆரம்பிச்சு மணப்பாடு வழியா நாகர்கோவில் வரைக்கும். மூணு ரூட்டும் நான் தனித்தனியா போயிருக்கேன், அதனால எதுல என்ன கிடைக்கும்னு எழுதி வெச்சா இதே குழப்பத்துல இருக்குற வேற யாருக்காச்சும் உதவும்.

முதல்ல ஒரு வார்த்தைச் சிக்கல். நெட்டுல "கதீட்ரல்"னு போட்டு தேடினா பல நல்ல கோயில் லிஸ்ட்லயே வராது. கதீட்ரல்னா பெருசுன்னோ அழகுன்னோ அர்த்தம் இல்ல, அந்த மறைமாவட்டத்து ஆயரோட, அதாவது பிஷப்போட, இருக்கை இருக்குற கோயில், அவ்ளோதான். பசிலிக்காங்கறது போப் குடுக்குற பட்டம், அது வேற. தமிழ்ல ரெண்டையும் பேராலயம்னே எழுதிடுறதால நமக்கு இன்னும் குழப்பம். வேளாங்கண்ணி பசிலிக்கா, ஆனா கதீட்ரல் இல்ல, அது தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்குள்ள வருது, கதீட்ரல் தஞ்சாவூர்ல இருக்கு. தூத்துக்குடியில இது இன்னும் வேடிக்கை, கதீட்ரலை ஊர்க்காரங்க "சின்னக்கோயில்"னு சொல்வாங்க, கதீட்ரல் இல்லாத பனிமய மாதா கோயில்தான் "பெரிய கோயில்". அதனால கதீட்ரல்ங்கற பேரை புடிச்சு தொங்காதீங்க, தொங்கினா மணப்பாட்டை தவற விட்டுடுவீங்க, அது என்னைப் பொறுத்தவரை பெரிய நஷ்டம்.

சென்னையை இந்தக் கணக்குல சேக்கவே இல்ல, ஏன்னா சென்னைக்காரங்களுக்கு அது ஒரு மத்தியானம். சாந்தோம் பேராலயம் கதீட்ரலும் கூட, பசிலிக்காவும் கூட. ஏசுவோட சீடர் தோமையார் கல்லறை மேல போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டுல கட்டின கோயிலை இடிச்சுட்டு 1896-ல இப்ப இருக்குற கோத்திக் கட்டடத்தை எழுப்பினாங்க, கோபுரம் கிட்டத்தட்ட 155 அடி. கல்லறை இருக்குறது நிலவறையில, அதுக்கு தனி வழி, மேல பூசை நடந்தாலும் கீழ போய் உக்காரலாம். அங்க இருக்குற அமைதி எனக்கு மேல இருக்குற கண்ணாடி ஓவியங்களை விட பிடிக்கும். எலும்புகள்ல பெரும்பகுதி இத்தாலியில ஒர்த்தோனாங்கற ஊர்ல இருக்கறதா அவங்க சொல்றாங்க, அது வேற கதை. வெளியூர்ல இருந்து சென்னை வர்றவங்க இதோட கதீட்ரல் ரோட்டுல இருக்குற செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலையும் பாத்துடுங்க. 1815-ல கட்டினது, வெள்ளைத் தூணுங்களா நிக்கும், 1947 செப்டம்பர் 27-ல தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, உருவானது இங்கதான். அந்த ரோட்டுல தினம் வண்டியில போறவங்கள்ல பாதிப்பேர் அந்த கேட்டுக்குள்ள நுழைஞ்சிருக்க மாட்டாங்க, நானே பதினஞ்சு வருஷம் கழிச்சுதான் நுழைஞ்சேன்.

சரி, பாண்டி. வசதின்னு பாத்தா இதை அடிச்சுக்க முடியாது. சுமார் 150 கிலோமீட்டர், ஈசிஆர்ல மூணு மணி நேரம், காலையில டிபன் முடிச்சு கிளம்பினா மத்தியான சாப்பாட்டுக்கு அங்க. மூணு கோயில், எல்லாம் ஒரு ஆட்டோ தூரம்தான், கொஞ்சம் தெம்பு இருந்தா நடந்தே முடிச்சிடலாம். கதீட்ரல் மிஷன் ஸ்ட்ரீட்ல இருக்கு, ஜென்மராக்கினி மாதா கோயில், ஆட்டோக்காரர்கிட்ட "சம்பா கோயில்"னு சொன்னாத்தான் சட்டுனு புரியும். செயின்ட் பால்ங்கறது பிரெஞ்சு வாய்ல "சாம் போல்" ஆகி, அது தமிழ் வாய்ல சம்பா ஆயிடுச்சாம், நெல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஏசு சபைக்காரங்க 1690-கள்ல கட்டினது பல தடவை அழிஞ்சு, 1761-ல இங்கிலீஷ்காரன் பாண்டியையே தரைமட்டமாக்கினப்போ அதுவும் போயி, இப்ப நிக்குறது 1791-ல முடிச்சது. முகப்பு பாரிஸ்ல இருக்குற வால் து கிராஸ் கோயில் சாயல்ல இருக்கும். அடுத்தது ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல இருக்குற திரு இருதய பசிலிக்கா, 1907-ல திறந்தது, சிவப்பும் வெள்ளையுமா, உள்ள கலர் கண்ணாடி ஜன்னல் வழியா சாயங்கால வெயில் விழுறப்போ தரையெல்லாம் கலர் கலரா ஆகும், குழந்தைங்க அதுல கால் வெச்சு விளையாடும். மூணாவது துய்மா ஸ்ட்ரீட்ல கடலுக்கு பக்கத்துல இருக்குற கப்ஸ் கோயில். கப்புச்சின் சாமியாருங்க கோயில்ங்கறதுதான் கப்ஸ் ஆச்சு, 1855 கட்டடம். அங்க இன்னும் பிரெஞ்சுல பூசை நடக்குது.

எல்லாம் அழகுதான், மறுக்கல. ஆனா பாண்டியில ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். சம்பா கோயில் பக்கத்துல வேதபுரீஸ்வரர் கோயில்னு ஒரு பழைய சிவன் கோயில் இருந்துச்சு, 1748-ல பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்துல, இங்கிலீஷ்காரன் முற்றுகை நடந்துட்டு இருக்குற சமயம் பாத்து அதை இடிச்சாங்க. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல அந்த நாளை அப்படியே எழுதி வெச்சிருக்காரு. அப்புறம் வேற இடத்துல கோயில் கட்டி, அந்தத் தெரு இப்ப ஈஸ்வரன் கோயில் தெரு. இதை எந்த கைடும் சொல்ல மாட்டாரு, எல்லாரும் பிரெஞ்சு அழகு பிரெஞ்சு அழகுன்னே போவாங்க. பாக்க வேணாம்னு சொல்லல, தெரிஞ்சுக்கிட்டு பாருங்கன்னு சொல்றேன். இன்னொரு குறை, லீவு நாள்ல பாண்டி பாண்டியா இருக்காது, பாதி சென்னை அங்கதான் நிக்கும், ரூம் வாடகை ரெண்டு மடங்கு, போன தடவை கப்ஸ் கோயில் வாசல்ல ஒரு போட்டோ எடுக்க கல்யாண ஜோடி மூணு பேருக்கு பின்னாடி கியூவுல நின்னோம். மூணு நாள் லீவை பாண்டிக்கு செலவு பண்றது எனக்கு வீண் செலவாத்தான் படுது, சாதாரண செவ்வாய்க்கிழமை ஒரு நாள் லீவு போட்டுட்டு போய்ட்டு வாங்க, அதுவே போதும்.

வேளாங்கண்ணி பத்தி எனக்கு நிறைய சொல்ல இல்ல, ஏன்னா அது பாக்க போற இடம் இல்ல, வேண்டிக்க போற இடம். மோர் வித்த கால் ஊனமான பையன் கதையும், புயல்ல சிக்கி கரை சேந்த போர்ச்சுகீசிய மாலுமிங்க கதையும் எல்லாருக்கும் தெரியும். பசிலிக்கா பட்டம் 1962-ல வந்துச்சு. கட்டடமா பாத்தா பல காலத்துல பல கை பட்டு நீண்டுகிட்டே போனது, அந்தப் பழைய மாலுமிங்க கட்டினது எது நேத்து கட்டினது எதுன்னு பிரிச்சு பாக்க முடியாது. ஆகஸ்ட் 29-ல கொடியேறி செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா, அந்த நாள்ல காவி கட்டிக்கிட்டு நடந்தே வர்ற கூட்டத்தைப் பாத்தா பழனி பாதயாத்திரைதான் ஞாபகம் வரும். வேண்டுதல் இல்லாதவங்க அந்த பதினோரு நாள் அந்தப் பக்கமே போகாதீங்க, உங்களால வேண்டுதல் இருக்குறவங்களுக்குத்தான் இடைஞ்சல். 2004 சுனாமியில அங்க செத்துப் போனவங்க கணக்கு ரொம்பப் பெருசு, அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, ஞாயித்துக்கிழமை வேற, கடற்கரை முழுக்க வெளியூர் ஜனம். அந்த மணல்ல நடக்குறப்போ எனக்கு வேற எதுவும் தோணுறதில்ல.

ஆனா இந்த ரூட்டுல ஒரு புதையல் இருக்கு, தரங்கம்பாடி. வேளாங்கண்ணி போறவங்க கார்ல போனா வழியிலயே வரும், ரெண்டு மணி நேரம் நிறுத்துங்க. டேனிஷ்காரங்க 1620-ல கட்டின கோட்டை, அதே தெருவுல 1701-ல கட்டின சீயோன் கோயில், அதுக்கு பக்கத்துலயே சீகன்பால்கு கட்டி 1718-ல திறந்த புது எருசலேம் ஆலயம். 1706-ல கப்பல்ல வந்து இறங்கின அந்த ஜெர்மன்காரர் தமிழ் கத்துக்கிட்டு, புதிய ஏற்பாட்டை தமிழ்ல 1715-ல அச்சுப் போட்டு முடிச்சு, 1719-ல செத்து அந்தக் கோயிலுக்குள்ளயே புதைக்கப்பட்டாரு. வெளி முகப்புல டென்மார்க் ராஜாவோட கிரீடமும் எழுத்து முத்திரையும் இருக்கும், கோயில் சின்னதுதான், ஆடம்பரம் ஒண்ணும் கிடையாது. கடல் கரையில மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு, நிறைய பகுதியை கடல் தின்னுடுச்சு. இந்த ஒரு தெருவை பாத்துட்டு அப்படியே திரும்பினாக்கூட எனக்கு ஓகே. ஆனா மூணு நாளுக்கு பத்தாது, அதோட கார்ல போய் வர்ற நேரம் மட்டும் ஒன்றரை நாளை சாப்பிட்டுடும்.

இப்ப தூத்துக்குடி. எக்மோர்ல ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினா விடிஞ்சதும் அங்க, பகல் நேரம் ஒரு மணி கூட வீணாகாது, எனக்கு இது பெரிய பாயிண்ட். ஸ்டேஷன்ல இருந்து பெரிய கோயில் கொஞ்ச தூரம்தான். மணிலாவுல இருந்து 1555-ல சாந்தா ஹெலேனாங்கற கப்பல்ல வந்ததா சொல்ற மாதா சொரூபம், டச்சுக்காரங்க ஊரை புடிச்சப்போ அங்க இங்கன்னு ஒளிச்சு காப்பாத்தி, 1707-ல கோயில்ல இடி விழுந்து சேதம் ஆகாம தப்பிச்சதுக்கு நன்றியா இப்ப இருக்குற கோயிலை கட்டினதா சொல்வாங்க, 1713-ல முடிஞ்சிருக்கு. 1982-ல பசிலிக்கா ஆச்சு. பனிமய மாதா, அதாவது பனி மாதா. ஆகஸ்ட் மாச வெயில்ல ரோம்ல ஒரு குன்று மேல பனி பெஞ்சதா ஒரு கதை, அதுல இருந்து வந்த பேரு, அதனாலதான் திருவிழா ஆகஸ்ட் 5. தூத்துக்குடி வெயில்ல நின்னுக்கிட்டு பனி மாதாவை கும்பிடுறது சிரிப்பா இருக்கும், அப்புறம் ஊருக்கு வெளிய வந்து பாத்தீங்கன்னா உப்பளத்துல வெள்ளை வெள்ளையா மலை மாதிரி குவிச்சு வெச்சிருப்பாங்க, சரிதான் இந்த ஊருக்கு பனி இதுதான்னு தோணும்.

ஏன் நான் இதையே புடிச்சு தொங்குறேன்னா, பாண்டியில கோயில் கப்பல்ல வந்து இறங்கின மாதிரி இருக்கும், இங்க கோயில் ஊரோட சேந்து வளந்திருக்கு. முத்துக்குளிக்குற பரதவர் ஜனம் 1530-கள்ல கூட்டங்கூட்டமா ஞானஸ்நானம் வாங்கினாங்க, பக்தி மட்டும் காரணம் இல்ல, முத்துக்குளிப்பு யார் கையிலங்கற சண்டையில போர்ச்சுகீசியர் துணை வேண்டியிருந்துச்சு. பிரான்சிஸ் சவேரியார்ங்கற ஏசு சபைச் சாமியார் வந்ததே அப்புறம்தான், 1542-ல. அதுக்கப்புறம் போர்ச்சுகீசியர் போனாங்க, டச்சுக்காரங்க வந்தாங்க, போனாங்க, இங்கிலீஷ்காரங்களும் வந்து போனாங்க, மாதா மட்டும் அங்கயே. தெருவுல கடை போர்டு பாருங்க, பெர்னாண்டோ, மச்சாடோ, மிராண்டா, ரோட்ரிகோ. திருவிழான்னா தேர், தேர்னா வடம், வடம்னா ஊரே கை வெக்கும். தங்கத் தேர்னு ஒண்ணு இருக்கு, பரதவர் சாதித் தலைவர் பாண்டியபதி செஞ்சு குடுத்தது, முதல்ல ஓடினது 1806-ல. அதை வருஷா வருஷம் இழுக்க மாட்டாங்க, விசேஷ வருஷம் மட்டும்தான், 2013-ல ஒரு தடவை, 2023-ல ஒரு தடவை. 2023-ல நான் டிக்கெட் கிடைக்காம வீட்டுல உக்காந்து மொபைல்ல பாத்தேன், அந்த வயித்தெரிச்சல் இன்னும் தீரல.

கதீட்ரலும் பாக்கணும்னா சின்னக்கோயில் போங்க, திரு இருதய பேராலயம். 1923-ல மறைமாவட்டம் உருவானப்போ ஆயரா வந்தவர் ரோச் ஆண்டகை, அதே கடற்கரை ஜனத்துல பிறந்தவர், இந்தக் காலத்துல லத்தீன் வழிபாட்டு முறையில ஆயரான முதல் இந்தியர் அவர்தான். கட்டடத்துல பெருசா அசர ஒண்ணும் இல்ல, அந்த ஒரு சேதிக்காக போகலாம். போறப்போ மக்ரூன் வாங்கிக்குங்க, முந்திரி முட்டை வெள்ளைக்கரு சர்க்கரை, வாயில வெச்சா கரையும், ஒரு டப்பா கார்லயே காலியாகும், அதனால ரெண்டு டப்பா.

மறுநாள் தெற்கே. திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், முருகனையும் பாத்துட்டு, அங்க இருந்து இன்னும் ஒரு 18 கிலோமீட்டர் போனா மணப்பாடு. உடன்குடி வழியா போனா கருப்பட்டி வாங்கலாம். கொஞ்சம் உள்ள ஒதுங்கினா மெஞ்ஞானபுரம், தேரி மண்ணும் பனங்காடுமா இருக்குற இடத்துல திடீர்னு 192 அடி கோபுரத்தோட தூய பவுல் ஆலயம் நிக்கும், 1847 கோயில், தூரத்துல இருந்து பாக்குறப்போ பனைமரத்துக்கு நடுவுல ஒரு ஊசியை குத்தி வெச்ச மாதிரி. ஆனா மணப்பாட்டுக்கு நேரத்தை வெச்சுக்குங்க, நாலு மணிக்குள்ள போயிடுங்க.

மணப்பாடு திருச்சிலுவை ஆலயம் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு மணல் குன்று மேல இருக்கு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆத்து முகத்துவாரம், கீழ ஊரு, படகு, பெரிய பெரிய பழைய வீடுங்க, அதெல்லாம் இலங்கை வியாபாரம் நல்லா நடந்த காலத்து காசு. புயல்ல அடிபட்ட ஒரு போர்ச்சுகீசிய கப்பலோட கொடிமரத்துல இருந்து சிலுவை செஞ்சு நட்டதா கதை, கோயில் கட்டினது 1581. குன்றுக்கு கீழ கடலைப் பாத்த மாதிரி ஒரு குகை, சவேரியார் தங்கி ஜெபம் பண்ணின இடம்னு சொல்வாங்க. கோயில் உள்ள அலங்காரம்னு பாத்தா பாண்டி பசிலிக்காவுக்கு பக்கத்துல கூட நிக்காது, ஆனா வாசல் படியில உக்காந்து பாருங்க, காத்து சட்டையை புடிச்சு இழுக்கும், கீழ அலை பாறையில மோதுற சத்தம், சாயங்காலம் ஜெபமாலை சொல்ற பாட்டிங்க குரல் காத்துல வந்து வந்து போகும். நான் போனது ஒரு புதன்கிழமை, என்னைத் தவிர வெளியூர் ஆள் ரெண்டே பேர், அவங்களும் கடல்ல சர்ஃபிங் பண்ண வந்தவங்க. கீழ ஊர்ல பனை ஓலைப் பெட்டி முடையுறாங்க, பேரம் பேசாம வாங்குங்க. ஒண்ணு மட்டும், செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டின ரெண்டு வாரம் கூட்டம் இருக்கும், தங்குறதுக்கு மணப்பாட்டுல எதிர்பாக்காதீங்க, திருச்செந்தூர்லயே ரூம் போட்டுக்குங்க.

மூணாம் நாள் உவரி, கூடங்குளம் பக்கமா கன்னியாகுமரி. எல்லாரும் விவேகானந்தர் பாறைக்கு கியூவுல நிக்குறப்போ நீங்க அலங்கார உபகார மாதா கோயிலுக்கு போங்க, 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டின வெள்ளை கோத்திக், நடு கோபுரம் 153 அடி, முழு ஜெபமாலையோட 153 மணிக்கு கணக்குன்னு சொல்வாங்க. அங்க இருந்து 20 கிலோமீட்டர் வந்தா நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயம், இது நிஜமாவே கதீட்ரல். சவேரியாருக்கு வேணாட்டு ராஜா இடம் குடுத்து உருவானதுன்னு வரலாறு, ஜனங்க அவரை வலிய பண்டாரம்னு கூப்பிட்டாங்களாம். எனக்கு இங்க முக்கியம் தேவசகாயம் பிள்ளை கல்லறை. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்துல இருந்தவர், 1745-ல மதம் மாறினவர், 1752 ஜனவரி 14 ராத்திரி ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க, உடம்பை கொண்டு வந்து புதைச்சது இந்தக் கோயில்லதான். 2022 மே 15-ல புனிதர் பட்டம் குடுத்தாங்க, இந்தியாவுல சாமியாரா இல்லாத ஒரு சாதாரண குடும்பஸ்தனுக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை. டிசம்பர் 3 திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே லீவு விடுவாங்க, அந்தச் சமயம் மழையும் இருக்கும், பாத்துக்குங்க. நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிட்டு ராத்திரி ரயில்ல ஏறினா காலையில சென்னை.

தெற்கு ரூட்டோட குறையையும் சொல்லிடறேன். வயசானவங்களுக்கு அலைச்சல் ஜாஸ்தி, மணப்பாட்டுல ஏத்தம் இருக்கு, முட்டி வலி இருந்தா மெதுவாத்தான் போகணும். நல்ல ரெஸ்டாரன்ட், ஏசி காபி ஷாப்னு எதிர்பாத்தா தூத்துக்குடி தாண்டினதும் மூஞ்சி தொங்கிடும். ஏப்ரல் மே போகவே போகாதீங்க, அது வெயில் இல்ல, தண்டனை. ஜனவரி பிப்ரவரிதான் சரியான நேரம். கட்டடக் கலைதான் முக்கியம், கோபுரம் கண்ணாடி தூண்னு உத்து பாக்குற ஆளுன்னா சாந்தோமும் பாண்டியும் ஒரே மூச்சுல பாத்துட்டு வந்துடுங்க, தெற்கு உங்களுக்கு ஏமாத்தமா இருக்கலாம். ரெண்டு வயசு குழந்தை கூட இருந்தாலும் பாண்டிதான். எந்த ஊரா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலையில சுத்திப் பாக்க போகாதீங்க, அது அவங்க பூசை நேரம், கேமராவோட நடுவுல நடக்குறது அசிங்கம். செருப்பை எல்லாரும் எங்க விடுறாங்கன்னு பாத்து அங்கயே விடுங்க.

எங்க வீட்டு பஞ்சாயத்து எப்படி முடிஞ்சதுன்னா, பொண்டாட்டிகிட்ட பாண்டி ஒரு வார நாள்ல தனியா கூட்டிட்டு போறேன்னு வாக்கு குடுத்தாச்சு. அத்தைதான் இழுத்துக்கிட்டே இருந்தாங்க. நான் பனிமய மாதா கதையை, மணிலா கப்பல், இடி விழுந்தது, தங்கத் தேர்னு ஒண்ணு விடாம சொல்லி முடிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏம்ப்பா, அங்கயும் மாதாதானே, அங்க மெழுகுவத்தி ஏத்த விடுவாங்களா"ன்னாங்க. விடுவாங்க அத்தைன்னேன். முத்துநகர்ல நாலு டிக்கெட் போட்டாச்சு, அத்தைக்கு லோயர் பெர்த் கிடைச்சிருக்கு.